அத்தியாயம் 7: ஒரு கடைக்கு எத்தனை டொமைன்?

பவானியில் ஜமக்காளம் விற்கும் ஒருவரைப் பல ஆண்டுகளாக எனக்குத் தெரியும். அப்பா காலத்துக் கடை. தறிக்காரர்களிடம் வாங்கி, பாதியைக் கடையிலும் பாதியை ஆன்லைனிலும் விற்கிறார். தீபாவளிக்கு ஐந்து வாரம் இருக்கும்போது ஒருநாள் காலையில் அவரிடமிருந்து போன் வந்தது.

“தம்பி, நம்ம சைட்டுக்குள்ள போனா வேற என்னமோ விளம்பரமா வருதுங்க. ரெண்டு நாளா ஒரு ஆர்டரும் இல்லீங்க. மெயிலும் வரமாட்டேங்குது.”

“டொமைன் யாரு பேர்லங்ண்ணா இருக்குது?”

“நம்ம பேருதானுங்களே. கடை பேருதானே அது.”

கடையின் பெயர்தான். ஆனால் பதிவு கடைக்காரர் பெயரில் இல்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் சைட் செய்து கொடுத்த இளைஞர் தன்னுடைய கணக்கில், தன்னுடைய மின்னஞ்சலைக் கொடுத்து அதை வாங்கியிருந்தார். ஏமாற்ற வேண்டும் என்று செய்ததில்லை. அன்றைக்கு அதுதான் அவருக்குச் சுலபமாக இருந்தது. பிறகு வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்கள் எல்லாம் அவர் திறந்தே பார்க்காத ஒரு பெட்டியில் சேர்ந்துகொண்டிருந்தன. அவருடைய அண்ணனைத் தேடிப் பிடித்து, அண்ணன் வழியாக அவரைப் பிடித்து, பெயரை மீட்டெடுக்க ஒன்பது நாள் ஆயிற்று. சீசனில் ஒன்பது நாள்.

மீட்ட பிறகு உட்கார்ந்து தேடினோம். அப்போதுதான் அவருக்கு ஒன்றல்ல, ஐந்து டொமைன்கள் இருப்பது தெரிந்தது. மூன்று வெவ்வேறு நிறுவனங்களில், இரண்டு பேர் கணக்கில், ஐந்து வெவ்வேறு தேதிகளில் காலாவதியாகும்படி அவை சிதறிக் கிடந்தன. ஒன்று பழைய துணிப்பையில் அச்சானது. ஒன்று மைத்துனர் சொல்லி வாங்கியது. ஒன்று எதற்காக வாங்கினோம் என்று எவருக்கும் நினைவில்லை.

சிறு வணிகர்கள் பலரின் நிலை இதுதான். டொமைன்களைப் பார்த்துக்கொள்வது கணினி தெரிந்தவர் வேலை என்று ஒதுக்கிவிடுகிறோம். உண்மையில் அது கணக்கு எழுதும் வேலை. கடை வாடகை ரசீதையும் லைசென்ஸையும் ஒரு கோப்பில் போட்டு வைக்கத் தெரிந்தவர் எவரும் இதைத் தாமே செய்துகொள்ள முடியும். அதற்கான வழி இந்த அத்தியாயத்தில் இருக்கிறது.

நான்கையும் பிரித்துப் பாருங்கள்

“வெப்சைட்” என்று ஒரே சொல்லில் நாம் சொல்வது நான்கு தனித்தனி விஷயங்கள். நான்குக்கும் பில் வேறு, பாஸ்வேர்டு வேறு. பல சமயம் நிறுவனமும் வேறு.

முதலாவது, பெயர்ப் பதிவு. இந்தப் பெயர் இவருக்கு என்று எழுதி வைக்கும் இடம். இதைச் செய்பவரை ரிஜிஸ்ட்ரார் என்பார்கள்; பதிவு நிறுவனம் என்று இங்கே சொல்வோம்.

இரண்டாவது, டிஎன்எஸ். இந்தப் பெயரைத் தட்டினால் எந்தக் கணினிக்குப் போக வேண்டும், இந்தப் பெயருக்கு வரும் மெயில் எங்கே சேர வேண்டும் என்று சொல்லும் குறிப்பேடு. சைட்டுக்கு ‘ஏ ரெக்கார்டு’, மெயிலுக்கு ‘எம்எக்ஸ் ரெக்கார்டு’ என்று வரிவரியாக இருக்கும்.

மூன்றாவது, ஹோஸ்டிங். பக்கங்களும் படங்களும் உண்மையில் இருக்கும் இடம்.

நான்காவது, மின்னஞ்சல்.

நான்கும் ஒரே நிறுவனத்தில் இருக்கலாம். இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கடை இடம் மாறினாலும் போர்டில் இருக்கும் பெயர் மாறாததுபோல, ஹோஸ்டிங்கை மாற்றினாலும் பெயர் உங்களுடையதாகவே இருக்கும். ஆனால் பெயரை இழந்தால் மற்ற மூன்றும் அந்த நிமிடமே செயலற்றுப்போகும். அதனால் இந்த நான்கில் முதலாவதைத்தான் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெயர் உங்களுக்குக் குத்தகைக்குத்தான் வந்திருக்கிறது

“டொமைன் வாங்கினேன்” என்கிறோம். உண்மையில் யாரும் வாங்குவதில்லை. குறைந்தது 1 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு என்று குத்தகைக்கு எடுக்கிறோம். கெடு முடிந்தால் என்ன நடக்கும் என்பதை நாள்கணக்கோடு தெரிந்து வைத்திருங்கள்.

டாட் காம் பெயர்களுக்கு, உலக அளவில் டொமைன் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பு வகுத்த விதிகள் உண்டு. காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்னால் ஒரு முறையும், ஒரு வாரம் முன்னால் ஒரு முறையும் பதிவு நிறுவனம் உங்களுக்கு நினைவூட்ட வேண்டும். கெடு தாண்டி ஐந்து நாளுக்குள் இன்னொரு முறையும் எழுத வேண்டும். அந்த நாள்களில் சைட்டும் மெயிலும் நின்று, விளம்பரப் பக்கம் ஏறிவிடலாம். பவானியில் நடந்தது இதுதான்.

காலாவதிக்குப் பின் 45 நாள் வரை சாதாரணக் கட்டணத்தில் புதுப்பிக்க இடம் உண்டு. ஆனால் 45 நாளும் தந்தாக வேண்டும் என்று பதிவு நிறுவனத்துக்குக் கட்டாயம் இல்லை. ஒரு மாதத்துக்குள்ளேயே பெயரை ஏலத்துக்குக் கொண்டுபோகும் நிறுவனங்கள் இருக்கின்றன. நிறுவனம் பெயரை அழித்துவிட்டால் மீட்புக் காலம் என்று 30 நாள் வரும். அப்போதும் மீட்கலாம், ஆனால் புதுப்பிக்கும் தொகையைப் போலப் பல மடங்கு மீட்புக் கட்டணம் கேட்பார்கள். அதுவும் போனால் 5 நாள் எவரும் தொட முடியாத இடைவெளி. அதன் பிறகு பெயர் சந்தைக்கு வந்துவிடும், முந்துபவர் எடுத்துக்கொள்வார்.

இதில் பெரிய நிறுவனம், சின்ன நிறுவனம் என்ற வேறுபாடு இல்லை. 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே ‘பாஸ்போர்ட் டாட் காம்’ என்ற பெயரைப் புதுப்பிக்க மறந்தது. ஹாட்மெயில் பயனர்கள் பலர் கிறிஸ்துமஸ் சமயத்தில் தங்கள் பெட்டியைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். காரணத்தைக் கண்டுபிடித்த ஒரு லினக்ஸ் நிரலாளர் தன் கைக்காசு 35 டாலரைக் கட்டிப் பெயரைப் புதுப்பித்தார். அவர் நல்லவராக இருந்தார். எல்லாச் சமயத்திலும் அப்படி ஒருவர் வருவார் என்று நம்பி வியாபாரம் செய்ய முடியாது.

இன்னொரு கண்ணியையும் கவனியுங்கள். பதிவில் கொடுக்கும் மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கவே கூடாது. பெயர் காலாவதியானால் அந்த மெயிலும் நின்றுபோகும். நினைவூட்டலும் வராது, பாஸ்வேர்டை மாற்ற வரும் கடிதமும் வராது. பூட்டிய வீட்டுக்குள்ளேயே சாவியை வைத்த கதையாகிவிடும். கடை உரிமையாளர் நேரடியாகப் பார்க்கும் ஒரு ஜிமெயில் முகவரி போதும். டொமைன் கணக்குகளுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

பதிவு செய்த உடனோ, மின்னஞ்சலை மாற்றிய உடனோ வரும் உறுதிப்படுத்தும் கடிதத்தையும் அலட்சியம் செய்யாதீர்கள். டாட் காம் போன்ற பெயர்களுக்கு 15 நாளுக்குள் அதில் உள்ள இணைப்பை அழுத்தாவிட்டால் பணம் கட்டியிருந்தாலும் பெயரை நிறுத்தி வைக்கலாம்.

எத்தனை பெயர் எடுப்பது?

தமிழ்ப் பெயர் வைத்த கடைகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஒரே பெயரை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம்.

‘பவானி ஜமக்காளம்’ என்ற இரண்டு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வோம். ‘ப’வுக்கு பி எழுதிய பிறகு எச் போடுபவரும் உண்டு, போடாதவரும் உண்டு. ஜமக்காளம் என்பார் சிலர், ஜமுக்காளம் என்பார் சிலர். அதற்கேற்ப ஏ அல்லது யு. நடுவில் ஒரு கேயா, இரண்டு கேயா? ‘கா’வுக்கு ஒரு ஏயா, இரண்டு ஏயா? நான்கு இடத்திலும் இரண்டிரண்டு வழி. மொத்தம் 16 எழுத்துமுறை. ஒவ்வொன்றுக்கும் டாட் காம், டாட் இன், டாட் கோ டாட் இன் என்று மூன்று வால் சேர்த்தால் 48 பெயர். ஒரு பெயருக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 48,000 ரூபாய். பெயரில் ழகரமும் இருந்தால் இசட்-எச் என்று எழுதுபவர் பாதி, எல் என்று எழுதுபவர் பாதி. 48 அப்படியே 96 ஆகும்.

எல்லாவற்றையும் வாங்கத் தேவையில்லை. எவற்றை வாங்குவது என்று வாடிக்கையாளரே சொல்லிக்கொண்டிருக்கிறார், நாம்தான் கேட்பதில்லை. கடைசியாக வந்த 100 வாட்ஸ்அப் ஆர்டர்களைத் திறந்து பாருங்கள். கடைப் பெயரை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று ஒரு தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். கூரியர் கவர்கள், பணம் அனுப்பும்போது எழுதிய குறிப்புகள், கூகுள் சர்ச் கன்சோலில் தெரியும் தேடல் சொற்கள் ஆகியவற்றையும் பாருங்கள். பவானிக் கடையில் நாங்கள் எண்ணியபோது மூன்றே மூன்று எழுத்துமுறைதான் திரும்பத் திரும்ப வந்தது. அந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டோம்.

ஒரு பெயரை வைத்திருக்க நான்கு நியாயமான காரணங்கள் உண்டு. ஒன்று, அதுதான் தலைமைப் பெயர். இரண்டு, அதே பெயரின் டாட் இன் அல்லது டாட் காம் வடிவம். மூன்று, வாடிக்கையாளர் உண்மையிலேயே தட்டுகிற மாற்று எழுத்துமுறை. நான்கு, எங்கோ ஏற்கெனவே அச்சாகிவிட்ட பழைய பெயர். இந்த நான்கில் எதிலும் சேராத பெயரை விடுவதைப் பற்றிப் பின்னால் பார்ப்போம். “முதல் ஆண்டு 99 ரூபாய்” என்று ஆசை காட்டும் புதுப்புது வால்களை எடுப்பதற்கு முன்னால், இரண்டாம் ஆண்டுக் கட்டணம் எவ்வளவு என்று பாருங்கள். முதல் ஆண்டு விலை கடைக்குள் அழைக்கும் விலை. நீங்கள் கட்டப்போவது புதுப்பிக்கும் விலை.

தமிழ் எழுத்திலேயே முடியும் ‘டாட் இந்தியா’ பெயர்களும் பதிவுக்குக் கிடைக்கின்றன. இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும்கூடத் தமிழ் வால்கள் உண்டு. அவற்றில் எச்சா, இரண்டு ஏயா என்ற குழப்பமே இல்லை. ஆனால் தமிழ் எழுத்தில் உள்ள மின்னஞ்சல் முகவரியைப் பல படிவங்கள் இன்னும் ஏற்பதில்லை. அதனால் கடைப் பலகையிலும் துண்டறிக்கையிலும் தமிழ்ப் பெயரைப் போட்டு, அதைத் தலைமைப் பெயருக்குத் திருப்பிவிடுவது இப்போதைக்கு நல்ல வழி.

டாட் இன் பெயர்களை நிர்வகிப்பது நிக்ஸி என்ற இந்திய அமைப்பு. அங்கே பதிவு செய்தவரின் விவரத்தை மறைத்து வைக்கும் தனியுரிமைச் சேவைக்கு இடம் இல்லை. பதிவு செய்த மறுநாளே “சார், வெப்சைட் பண்ணணுமா?” என்று அழைப்புகள் வரலாம். வீட்டு எண்ணைக் கொடுக்காமல் கடை எண்ணைக் கொடுங்கள்.

ஒரு பக்கப் பதிவேடு

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு வேலை செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். கடை நீள நோட்டில் ஒரு பக்கம் போதும். கணினியில் வைப்பவர் எக்செல்லில் வைக்கலாம். ஒவ்வொரு பெயருக்கும் இவற்றை எழுதுங்கள்:

1. பெயர், எழுத்தெழுத்தாக.
2. அதன் வேலை: தலைமை, திருப்பிவிடுவது, அஞ்சலுக்கு மட்டும், காவலுக்கு.
3. எந்தப் பதிவு நிறுவனம். கணக்கு எந்த மின்னஞ்சலில் இருக்கிறது.
4. பதிவு யார் பெயரில்.
5. காலாவதி நாள்.
6. புதுப்பிக்கும் கட்டணம்.
7. டிஎன்எஸ் எங்கே இருக்கிறது.
8. எங்கெங்கே அச்சாகியிருக்கிறது.
9. ஏன் வைத்திருக்கிறோம்.

பாஸ்வேர்டை இதில் எழுத வேண்டாம். கடைசி இரண்டு வரிகளை மட்டும் விட்டுவிடாதீர்கள். பவானிக் கடை நோட்டில் ஒரு பெயருக்கு எதிரே இப்படி இருக்கிறது: “ஒற்றைக் கே, டாட் இன். திருப்பிவிடுவது. பழைய துணிப்பையில் அச்சு. கிடங்கில் இன்னும் இரண்டு மூட்டை பை இருக்கு. பை தீர்ந்து மூணு வருசம் கழிச்சு யோசிக்கணும்.” இதைப் படிக்கும் எவரும், பத்து ஆண்டு கழித்து வரும் மகளும்கூட, அந்தப் பெயரை என்ன செய்ய வேண்டும் என்று முடிவெடுக்க முடியும்.

நான்காவது வரியில் உங்கள் பெயரோ, உங்கள் நிறுவனத்தின் பெயரோ இல்லையென்றால் இன்றே மாற்றத் தொடங்குங்கள். சைட் செய்து கொடுத்தவரும் அதே பதிவு நிறுவனத்தில் கணக்கு வைத்திருந்தால், அவர் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு நகர்த்தித் தரச் சொன்னால் போதும். வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோவதாக இருந்தால் அவர் பெயரை நகர்த்த விடாமல் தடுக்கும் மாற்றப் பூட்டை எடுத்துவிட்டு, ‘ஆத் கோடு’ எனப்படும் ரகசியக் குறியைத் தர வேண்டும். டாட் காமுக்கு மாற்றம் முடிய 5 நாள் வரை ஆகலாம்; மாற்றும்போதே ஓராண்டு கூடும். புதிதாகப் பதிந்தாலோ மாற்றினாலோ அடுத்த 60 நாள் வரை மறுபடி நகர்த்த விடாத பூட்டு இருக்கும் என்பதால், காலாவதி நெருங்கும்வரை காத்திருக்காதீர்கள். இந்தப் பேச்சைச் சண்டையாகத் தொடங்கவும் வேண்டாம். “தம்பி, ஆடிட்டர் எல்லாம் கடை பேர்ல இருக்கணும்ங்கறாருப்பா” என்று கேட்டால் பெரும்பாலோர் கொடுத்துவிடுவார்கள். இனி சைட் செய்ய ஆள் வைக்கும்போது, பெயரை நீங்கள் உங்கள் கணக்கில் வாங்கிவிட்டு, வேலை செய்ய மட்டும் அவருக்கு அனுமதி கொடுங்கள்.

ஒரு பெயர் தலைமை, மற்றவை திருப்பிவிட

பல பெயர் இருந்தால் எல்லாவற்றிலும் அதே சைட்டைத் திறக்க வைத்துவிடுவோம் என்று தோன்றும். வேண்டாம். ஒரே பக்கம் மூன்று முகவரியில் திறந்தால் கூகுள் அவற்றில் ஒன்றைத் தானே தேர்ந்துகொள்ளும். நீங்கள் விரும்பியதையே அது தேரும் என்ற உறுதி இல்லை. வாடிக்கையாளருக்கும் எது அசல் கடை என்ற ஐயம் வரும். ஒரு பெயரைத் தலைமையாக்குங்கள். மற்ற எதைத் தட்டினாலும் முகவரிப் பட்டையில் அந்தத் தலைமைப் பெயரே வந்து நிற்க வேண்டும்.

இதற்கு 301 என்ற நிரந்தரத் திருப்பலைப் போடுங்கள். 302 என்பது தற்காலிகத் திருப்பல். சில கன்ட்ரோல் பேனல்களில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ‘ஏலியஸ்’ அல்லது ‘பார்க்டு டொமைன்’ என்று இருப்பதை மட்டும் அழுத்தினால் திருப்பல் நடக்காது. அதே சைட் இரண்டாவது பெயரிலும் திறக்கும், அவ்வளவுதான்.

பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. திருப்பிவிடும் பெயருக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழ் வேண்டும். பிரவுசர் முதலில் பழைய பெயரின் கதவைத் தட்டுகிறது. அங்கே சான்றிதழ் சரியாக இல்லையென்றால், திருப்பலுக்கு வருவதற்கு முன்னாலேயே “இந்தத் தளம் பாதுகாப்பானது அல்ல” என்ற எச்சரிக்கை வந்து நிற்கும். வாடிக்கையாளர் பயந்து திரும்பிவிடுவார். லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற இடங்களில் சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது. போட்டு முடித்ததும் ஒவ்வொரு பெயரையும் நான்கு விதமாகத் தட்டிப் பாருங்கள்: முன்னால் மூன்று டபிள்யூ போட்டு, போடாமல், எச்டிடிபி என்று தொடங்கி, எச்டிடிபிஎஸ் என்று தொடங்கி. நான்கும் ஒரே இடத்தில் போய் நிற்க வேண்டும். உங்கள் போனில் ஒரு முறை, வேறு நெட்வொர்க்கில் இருக்கும் நண்பர் போனில் ஒரு முறை பாருங்கள்.

தலைமைப் பெயரையே மாற்றுவதாக இருந்தால், பழைய சைட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் புதிய சைட்டில் அதற்குரிய பக்கத்துக்குத் திருப்புங்கள். எல்லாவற்றையும் முகப்புக்கு அனுப்பாதீர்கள். சர்ச் கன்சோலில் முகவரி மாற்றத்தைத் தெரிவியுங்கள். திருப்பலைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். அச்சான பை, லேபிள், க்யூஆர் குறி இருந்தால் அவை புழக்கத்தில் இருக்கும்வரை வைத்திருங்கள். ஜமக்காளத்தின் ஓரத்தில் தைத்த க்யூஆர் குறி, அந்த ஜமக்காளம் கிழியும்வரை பேசும்.

தூங்கும் பெயர்களுக்குக் காவல்

மெயில் அனுப்பப் பயன்படாத பெயரிலிருந்தும் மற்றவர்கள் மெயில் அனுப்ப முடியும், தடுத்து வைக்காவிட்டால். உங்கள் மாற்று எழுத்துமுறைப் பெயரை அனுப்புநராகப் போட்டு, “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் செலுத்துங்கள்” என்று உங்கள் மொத்த வியாபாரிக்கு ஒரு கடிதம் போனால் என்ன ஆகும்? பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் அவர் நம்பிவிடுவார்.

அதனால் காவலுக்கு மட்டும் வைத்திருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் டிஎன்எஸ்ஸில் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ஒன்று, இந்தப் பெயரில் எவரும் மெயில் அனுப்ப அனுமதியில்லை என்று சொல்லும் எஸ்பிஎஃப் வரி. இன்னொன்று, மீறி வந்தால் நிராகரியுங்கள் என்று சொல்லும் டிமார்க் வரி. இரண்டுமே இலவசம், பத்து நிமிட வேலை.

மெயில் அனுப்பும் தலைமைப் பெயருக்கும் எஸ்பிஎஃப், டிமார்க், அவற்றோடு மெயிலில் கையொப்பமாகச் சேரும் டிகிம் மூன்றும் சரியாக இருக்கட்டும். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் இவற்றில் கண்டிப்பு காட்டுகின்றன. இவை இல்லாத பெயரிலிருந்து போகும் பில்லும் கொட்டேஷனும் ஸ்பாம் பெட்டியில் விழலாம், அல்லது திரும்பி வரலாம்.

பணம் கட்டும் முறை

“ஆட்டோ ரினியூவல் போட்டிருக்கேன், தானா கட்டிக்கும்” என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டிலிருந்து திரும்பத் திரும்ப எடுக்கும் பணத்துக்கு முன்கூட்டியே தனி ஒப்புதல் பதிவு வேண்டும். எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் உங்களுக்குத் தகவல் வர வேண்டும். 15,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும். இந்த ஏற்பாட்டில் சேராத வெளிநாட்டு நிறுவனங்களில் தானாகப் புதுப்பித்தல் சத்தமில்லாமல் தோற்றுப்போகும். கார்டு மாறினாலும் அப்படித்தான். ஆட்டோ ரினியூவல் இருக்கட்டும். அதை மட்டும் நம்ப வேண்டாம்.

முன்கூட்டியே புதுப்பித்தால் நாள் வீணாவதில்லை. ஆறு மாதம் மீதி இருக்கும்போது ஓராண்டுக்குக் கட்டினால், இருக்கும் காலாவதி நாளிலிருந்துதான் ஓராண்டு கூடும். அதனால் ஐந்து பெயருக்கு ஐந்து தேதியை நினைவில் வைக்க வேண்டிய தேவையே இல்லை. ஆண்டில் ஒரே ஒரு நாளை வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை எல்லாப் பெயருக்கும் 2 ஆண்டு சேர்த்துக் கட்டுங்கள். அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் அதே சமயம் 1 ஆண்டு சேர்த்தால், எந்தப் பெயருக்கும் எப்போதும் ஏறக்குறைய ஓராண்டாவது கையிருப்பு இருக்கும். நடுவில் உடம்பு சரியில்லாமல் ஒரு தவணை தவறினாலும் கடை நிற்காது.

முடிந்தவரை எல்லாப் பெயரையும் ஒரே பதிவு நிறுவனத்துக்குக் கொண்டுவாருங்கள். கணக்கில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் பதியுங்கள். இந்திய நிறுவனத்தின் பில்லில் வரும் 18 சதவீத வரிக்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்கலாம்.

மிரட்டும் கடிதமும் உண்மையான சட்டமும்

டொமைன் வைத்திருப்பவருக்கு இரண்டு வகை மோசடிக் கடிதம் வரும். ஒன்று, நீங்கள் கணக்கே வைத்திராத நிறுவனத்திலிருந்து “உங்கள் பெயர் காலாவதியாகிறது, உடனே கட்டுங்கள்” என்று வரும் பில். இன்னொன்று, “உங்கள் பெயரை சீனாவில் ஒரு கம்பெனி பதியப் பார்க்கிறது, நீங்கள் முதலில் வாங்கிக்கொள்ளுங்கள்” என்று வரும் கடிதம். இரண்டுக்கும் பதில் எழுத வேண்டாம். பதிவேட்டைத் திறந்து மூன்றாவது வரியைப் பாருங்கள். அங்கே இல்லாத நிறுவனத்துக்கு ஒரு ரூபாயும் இல்லை. புதுப்பிக்கவும் கடிதத்தில் வரும் இணைப்பை அழுத்தாமல், நீங்களே முகவரி தட்டி உள்ளே போங்கள்.

உங்கள் பெயரை ஒட்டிய பெயரை உண்மையிலேயே வேறொருவர் எடுத்து வியாபாரம் செய்தால் சட்டத்தில் வழி இருக்கிறது. 1999-ல் ‘யாஹூஇந்தியா டாட் காம்’ பெயருக்கு எதிராக யாஹூ நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தடை பெற்றது. 2004-ல் உச்ச நீதிமன்றம் பார்த்த வழக்கு நம் எழுத்துமுறைச் சிக்கலுக்கு இன்னும் நெருக்கமானது. சத்யம் இன்ஃபோவே நிறுவனம் சிஃபி என்ற பெயரில் ஒற்றை எஃப் போட்டிருந்தது. எதிர்த்தரப்பு இரட்டை எஃப் போட்டுப் பதிந்திருந்தது. டொமைன் பெயருக்கும் வணிகக் குறிக்கு உள்ளதுபோன்ற பாதுகாப்பு உண்டு என்று சொல்லி, சத்யம் இன்ஃபோவே பக்கம் தீர்ப்பளித்தது நீதிமன்றம். டாட் இன் தகராறுகளை நடுவர் மூலம் தீர்க்க 2005 முதல் தனி விதிமுறை இருக்கிறது. டாட் காமுக்கு உலக அறிவுசார் சொத்து அமைப்பிடம் போகலாம். ஒரு நடுவருக்கான கட்டணமே 1,500 டாலர். ஆண்டுக்கு ஆயிரம் ரூபாயில் முடிவது அங்கே லட்சத்தைத் தாண்டும்.

எந்த வழியில் போனாலும் முதல் கேள்வி, “இந்தப் பெயரில் உங்களுக்கு என்ன உரிமை?” என்பதுதான். வணிகக் குறிப் பதிவு இருந்தால் பதில் சுலபம். சிறு நிறுவனங்களுக்கும் தனிநபர்களுக்கும் ஒரு வகைக்கு இணையவழிக் கட்டணம் 4,500 ரூபாய். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: ஊரும் பொருளும் மட்டும் சேர்ந்த பெயரில் தனி உரிமை கேட்பது கடினம். பவானி ஜமக்காளம் புவிசார் குறியீடு பெற்ற பொருள். அந்தப் பெயர் அங்கே நெய்யும் எல்லோருக்கும் பொது. உங்கள் டொமைனில் உங்களுக்கே உரிய ஒரு சொல், தாத்தா பெயரோ கடையின் அடையாளமோ, இருக்கட்டும்.

ஒரு பெயரை விடுவதற்கு முன்

தேவையில்லாத பெயருக்குப் பணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. ஆனால் விட்ட பெயரை நாளை வேறொருவர் எடுக்கலாம். எடுத்தவர் அந்தப் பெயரில் மெயில் பெட்டி திறந்தால், உங்களுக்கு வர வேண்டிய கடிதங்கள் அவருக்குப் போகும். அந்த முகவரியில் நீங்கள் எப்போதோ திறந்த வங்கி, ஜிஎஸ்டி, ஆன்லைன் விற்பனைக் கணக்குகளின் பாஸ்வேர்டையும் அவரால் மாற்ற முடியும்.

அதனால் மெயிலுக்குப் பயன்பட்ட பெயரை எளிதில் விடாதீர்கள். விட்டே ஆக வேண்டுமானால், கடைசி ஓராண்டுக்கு அந்தப் பெயருக்கு வரும் எல்லா மெயிலும் ஒரே பெட்டியில் விழும்படி வைத்து, யார் யார் இன்னும் எழுதுகிறார்கள் என்று பாருங்கள். ஒவ்வொரு கணக்கிலும் முகவரியை மாற்றுங்கள். ஓராண்டு முழுக்க முக்கியமான கடிதம் ஒன்றும் வராவிட்டால் விடலாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

1. பழைய பில், மெயில், கார்டு ஸ்டேட்மென்ட் பார்த்து எல்லா டொமைன்களையும் கண்டுபிடித்துப் பதிவேட்டில் எழுதுங்கள்.
2. ஒவ்வொன்றும் யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பெயரில் இல்லாததை மாற்றத் தொடங்குங்கள்.
3. கணக்கில் இரண்டு கட்ட உறுதிப்பாட்டைப் போடுங்கள். ஓடிபி வேலையாள் போனுக்குப் போகக் கூடாது.
4. ஒவ்வொரு பெயரின் மாற்றப் பூட்டும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.
5. தலைமைப் பெயரை முடிவு செய்து, மற்றவற்றுக்கு 301 திருப்பலும் சான்றிதழும் போடுங்கள்.
6. மெயில் அனுப்பாத பெயர்களுக்கு எஸ்பிஎஃப், டிமார்க் வரிகளைச் சேருங்கள்.
7. எல்லாவற்றையும் 2 ஆண்டுக்குப் புதுப்பியுங்கள்.
8. வீட்டில் இன்னொருவருக்கு இந்தப் பக்கம் எங்கே இருக்கிறது, உள்ளே போவது எப்படி என்று சொல்லிக் கொடுங்கள். நமக்கு ஒன்று ஆனால் கடை நிற்கக் கூடாது.

ஆண்டுக்கு ஒரு நாள் என்று சொன்னேனே, எந்த நாள் என்று பவானிக் கடைக்காரர் கேட்டபோது ஆயுத பூஜையைச் சொன்னேன். கணக்கு நோட்டைத் துடைத்துப் பொட்டு வைக்கும் நாள். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும். சீசனுக்கு முன் சரிபார்க்க அதைவிட நல்ல சமயம் இல்லை. இப்போது அவர் கடையில் தராசுக்கும் அளவுகோலுக்கும் பக்கத்தில் அந்த நோட்டும் பூஜையில் இருக்கிறது. பூஜை முடிந்ததும் அவர் மகள் அதைத் திறந்து, எல்லாப் பெயரையும் ஒவ்வொன்றாகப் போனில் தட்டிப் பார்த்து, பக்கத்தில் தேதி எழுதி டிக் போடுகிறாள்.